காக்கைப்பொன் மினுக்கும் கணக்கில் வராத சுரங்கமும்

பண்டிகைக் காலமும் திருமணக் காலமும் நெருங்கும்போதெல்லாம் அழகுசாதன நிறுவனங்கள் புதிய வண்ணப்பெட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவருகின்றன. அவற்றில் தவறாமல் இடம்பெறுவது ‘ஸ்மோக்கி ஐ’ எனப்படும் ஒப்பனைக்கான ஐஷேடோ பெட்டி. கண்ணிமையின் ஓரத்தில் கரிய நிறத்தை அழுத்தமாகப் பூசி, மேலே செல்லச் செல்ல அதைச் சாம்பலாகவும் பழுப்பாகவும் கரைத்து, புகை படிந்தது போன்ற தோற்றத்தை உண்டாக்குவது இந்த ஒப்பனையின் முறை. இமையின் நடுவில் வெள்ளியைப் போலவோ செம்பைப் போலவோ மின்னும் ஒரு பூச்சு வைக்கப்படும். உள்ளங்கையளவு பெட்டியில் சில சிறு குழிகள். சில மங்கலான நிறங்கள், சில மினுங்கும் நிறங்கள்.

புதிய பெட்டி கடைக்கு வந்தவுடன் அதைப் பற்றிய கருத்துகளும் வந்துவிடுகின்றன. நிறம் ஒரே பூச்சில் பிடிக்கிறதா, ஒன்றோடொன்று இழைகிறதா, தூள் கன்னத்தில் உதிர்கிறதா, மாலை வரை நிற்கிறதா, கொடுத்த விலைக்குத் தகுமா என்றெல்லாம் அலசப்படுகிறது. இவை நியாயமான கேள்விகளே. பணம் கொடுத்து வாங்குபவர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் இந்த மதிப்பீடுகளில் அநேகமாக எழாத கேள்வி ஒன்று உண்டு. அந்த மினுக்கு எந்த மண்ணிலிருந்து வந்தது, அதை எடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்பதே அது.

மினுக்கின் மூலப்பொருள்

பெட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் சேர்மானப் பட்டியலில் ‘மைக்கா’ என்றோ ‘சி.ஐ. 77019’ என்றோ ஒரு பெயர் இருக்கும். அபிரகம் என்று ஏட்டிலும் காக்கைப்பொன் என்று மக்கள் வழக்கிலும் சொல்லப்படும் கனிமம்தான் அது. ஏடு ஏடாகப் பிரியும் தன்மையுடைய இந்தக் கல்லை நுண்ணிய செதில்களாக அரைத்து, அவற்றின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடையோ இரும்பு ஆக்சைடையோ மெல்லிய படலமாகப் படியவைக்கிறார்கள். படலத்தின் கனத்துக்கும் பொருளுக்கும் ஏற்ப வெள்ளி, பொன், செம்பு, வெண்கலம் என நிறம் மாறும். ஒளிபட்டவுடன் இமை மின்னுவது இந்தச் செதில்களால்தான். மினுக்கில்லாத மங்கல் நிறங்களிலும் தூளை வழவழப்பாக்குவதற்கு அபிரகம் சேர்க்கப்படுவதுண்டு.

உலகச் சந்தைக்குச் செல்லும் இந்திய அபிரகத்தின் பெரும்பகுதி ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடிஹ் மாவட்டங்களிலிருந்தும், அவற்றையொட்டிய பீகாரின் நவாடா, ஜமுய் மாவட்டங்களிலிருந்தும் கிடைக்கிறது. ஒருகாலத்தில் வானொலிப் பெட்டிக்கும் விமான எஞ்சினுக்கும் மின்காப்புப் பொருளாக அபிரகத் தகடு இன்றியமையாததாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அது போர்த்தளவாடத்துக்கு நிகராக மதிக்கப்பட்டது. இந்தி வானொலி நேயர்களுக்கு விருப்பப் பாடல் கடிதங்களால் அறிமுகமான ஜும்ரி தெலையா நகரம், அபிரக வணிகம் கொழித்த ஊர்தான்.

அந்த வளம் சுரங்கத்தில் இறங்கியவர்களைச் சேரவில்லை. எனினும் அவர்கள் தொழிலாளர்களாக அரசின் ஏட்டில் இருந்தார்கள். ஏற்றுமதியாகும் அபிரகத்தின் மீது தீர்வை விதித்து, அந்தப் பணத்தைக் கொண்டு மருத்துவமும் கல்வியும் குடியிருப்பும் அளிக்க 1946ஆம் ஆண்டிலேயே அபிரகச் சுரங்கத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1974இல் ஏற்றுமதியைக் கவனிக்க மைக்கா வாணிபக் கழகம் என்ற பொதுத்துறை நிறுவனமும் தோன்றியது. குறைகள் ஆயிரம் இருந்தபோதிலும், சுரங்கமும் தொழிலாளியும் கண்ணுக்குத் தெரியும் பொருள்களாக இருந்த காலம் அது.

மூடிய சுரங்கம், மூடாத சந்தை

பின்னர் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. மின்னணுத் தொழிலில் மாற்றுப் பொருள்கள் வந்து தகடு அபிரகத்தின் தேவையைக் குறைத்தன. பெரிய வாடிக்கையாளராக இருந்த சோவியத் ஒன்றியம் சிதைந்தது. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு காட்டுப்பகுதியிலிருந்த குத்தகைகள் புதுப்பிக்கப்படாமல் நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் மூடப்பட்டன. மைக்கா வாணிபக் கழகம் தாராளமய ஆண்டுகளில் தாய் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு மறைந்தது.

சுரங்கம் மூடப்பட்டதே தவிர, சந்தை மூடப்படவில்லை. பெரிய தகடுகள் வேண்டாம், தூளாக்கச் சில்லுகள் போதும் என்ற புதிய தேவை எழுந்தது. வண்ணப்பூச்சு, கார்களுக்கான பளபளப்பு வண்ணம், மின்சாதனங்கள், அழகுசாதனங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் சில்லு அபிரகம் பயன்படுகிறது. பழைய சுரங்கங்களைச் சுற்றிக் குவிந்து கிடந்த கழிவுமேடுகளிலிருந்து அந்தச் சில்லுகளைப் பொறுக்குவதே இப்பகுதி ஏழைகளின் பிழைப்பாயிற்று. அந்தச் சில்லுக்கு அங்கே ‘திப்ரா’ என்று பெயர். மேடுகள் தீரத்தீர, கைவிடப்பட்ட குழிகளுக்குள்ளும் எலிவளை போன்ற பொந்துகளுக்குள்ளும் மக்கள் இறங்குகிறார்கள். தாங்குமரமோ தலைக்கவசமோ கிடையாது. மண் சரிந்தால் மேலே வர வழியில்லை. சரியாத நாளிலும் கற்றூசி நுரையீரலுக்குள் இறங்குகிறது.

பொறுக்கியவரிடம் உள்ளூர்த் தரகர் கிலோவுக்குச் சில ரூபாய் கொடுத்து வாங்குகிறார். அவரிடமிருந்து கிடங்குக்காரர், பதப்படுத்தும் ஆலை, ஏற்றுமதியாளர், வெளிநாட்டு நிறமி நிறுவனம், ஒப்பனை நிறுவனம் என்று சரக்கு கைமாறுகிறது. ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகிறது. ஒரு பெட்டிக்குள் இருப்பது சில கிராம் தூள். அந்தப் பெட்டியின் விலை சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவருக்கு விலை பேசும் வலு எதுவும் இல்லை.

இந்தியாவில் ஏட்டில் பதிவாகும் அபிரக உற்பத்தியைவிட, பதிவாகும் ஏற்றுமதி பல மடங்கு அதிகம். வெட்டி எடுக்கப்படாத கனிமம் கப்பலேறுவது எப்படி? துறைமுகத்தில் சட்டபூர்வமான சரக்காக இருப்பது, புறப்பட்ட இடத்தில் இல்லாத சரக்காக இருக்கிறது. இந்த இடைவெளியில்தான் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன.

இந்த இடைவெளிக்குள் குழந்தைகளும் இருக்கிறார்கள். பொந்து குறுகலானது, சிறு உடல் எளிதில் நுழையும். சில்லு சிறியது, சிறு விரல் எளிதில் பொறுக்கும். ஜார்க்கண்ட், பீகார் அபிரகப் பகுதிகளில் ஏறத்தாழ 22,000 குழந்தைகள் வரை இந்த வேலையில் இருக்கக்கூடும் என்று 2016இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வமைப்புகள் மதிப்பிட்டன. அதே ஆண்டு தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் புலனாய்வு, இரண்டு மாதங்களில் மட்டும் குறைந்தது 7 குழந்தைகள் குழிகளில் இறந்ததையும், அந்த மரணங்கள் மறைக்கப்பட்டதையும் வெளிக்கொணர்ந்தது. அதன் பின்னர் தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நடத்திய கணக்கெடுப்பில், ஜார்க்கண்டின் அபிரகப் பகுதிகளில் 6 முதல் 14 வயதுக்குட்பட்ட 4,545 குழந்தைகள் பள்ளிக்குச் செல்லவில்லை என்று தெரியவந்தது.

முதலாளி இல்லாத உழைப்பு

குழந்தை உழைப்புக்கு எதிரான சட்டம் நாட்டில் இல்லாமலில்லை. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் ஈடுபடுத்தப்பட்டது தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு முக்கியமானது. ஒரு குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், அந்தக் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று அது கூறியது. குழந்தையின் உழைப்புக்குக் காரணம் பெற்றோரின் வறுமை என்பதையும், அதற்கு ஈடுசெய்யும் கடமை முதலாளிக்கும் அரசுக்கும் உண்டு என்பதையும் அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

ஆனால் அந்தத் தீர்ப்பு செயல்படுவதற்கு ஒரு முதலாளி வேண்டும். திப்ரா வேலையில் முதலாளி என்று சுட்டிக்காட்டத்தக்கவர் எவரும் இல்லை. ஏட்டின்படி அங்கே சுரங்கமே இல்லை. சுரங்கம் இல்லையென்றால் குத்தகைதாரர் இல்லை, மேலாளர் இல்லை, வருகைப்பதிவேடு இல்லை, ஆய்வாளர் வருவதற்கான காரணமும் இல்லை. விபத்து நடந்தால் அது சுரங்க விபத்தாகப் பதிவாவதில்லை. இழப்பீடு கேட்கும் குடும்பம் முதலில் தன்னையே குற்றவாளியாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஏனெனில் அனுமதியின்றிக் கனிமம் எடுத்ததும், காட்டுக்குள் நுழைந்து தோண்டியதும் குற்றங்கள். குழந்தையைப் பறிகொடுத்த தாய் வாய்திறக்காததற்குக் காரணம் அறியாமை அன்று; அச்சம்.

2016ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம் இந்த மூடுபனியை மேலும் அடர்த்தியாக்கியது. பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத் தொழிலில் குழந்தைகள் உதவலாம் என்று அது விலக்களித்தது. சுரங்க வேலைக்கு அந்த விலக்கு பொருந்தாது என்பது உண்மை. ஆனால் சுரங்கம் ஏட்டில் இல்லாதபோது, ஒரு குடும்பம் மேட்டில் கல் பொறுக்குகிறது என்பது மட்டுமே அதிகாரியின் கண்ணில் படும்.

கடந்த பத்தாண்டில் பிற பாதுகாப்புகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2015இல் ஒன்றிய அரசு அபிரகத்தைச் சிறுகனிமப் பட்டியலுக்கு மாற்றிப் பொறுப்பை மாநிலங்களிடம் தள்ளியது. சுரங்கத் தொழிலாளருக்கும் பீடித் தொழிலாளருக்கும் இருந்த நலநிதித் தீர்வைகள் 2016, 2017 ஆண்டுகளில் ஒழிக்கப்பட்டன. அபிரகத் தீர்வையும் அவற்றோடு போயிற்று. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கென மாவட்டக் கனிம நிதி அமைக்கப்பட்டது. ஆனால் குத்தகை இல்லாத இடத்தில் ராயல்டி இல்லை. ராயல்டி இல்லாத இடத்திலிருந்து அந்த நிதிக்கு எதுவும் சேராது.

முயலுக்கு உள்ள சட்டம்

அழகுசாதனப் பொருள்களை விலங்குகள் மீது சோதிப்பதை இந்தியா 2014இல் தடை செய்தது. அவ்வாறு சோதிக்கப்பட்ட பொருள்களை இறக்குமதி செய்வதற்கும் அதே ஆண்டு தடை வந்தது. முயலின் கண்ணில் ரசாயனத்தை ஊற்றிப் பார்க்கும் கொடுமைக்கு முடிவுகட்டிய சரியான முடிவு அது. ஒரு பொருள் எவ்வாறு உருவானது என்று கேட்கவும், தவறாக உருவானதை எல்லையிலேயே நிறுத்தவும் அரசால் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

அதே பெட்டிக்குள் இருக்கும் அபிரகத்தைப் பற்றி அந்தக் கேள்வி எழுவதில்லை. சேர்மானங்களின் பெயரை அச்சிட வேண்டும் என்கிறது விதி. இறக்குமதிப் பெட்டியில் அது தயாரான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்கிறது இன்னொரு விதி. கனிமம் எந்த நாட்டில், எந்த மாவட்டத்தில், யார் கையால் எடுக்கப்பட்டது என்று எந்த விதியும் கேட்பதில்லை. கோடர்மாவின் கல், வெளிநாட்டு ஆலையில் நிறமியாகி, வேறொரு நாட்டின் முத்திரையோடு தில்லிக் கடைக்குத் திரும்பி வந்தாலும் அது வெளிநாட்டுச் சரக்கே. முயலுக்குக் கிடைத்த பாதுகாப்பு கிரிடிஹ் சிறுமிக்குக் கிடைக்காததற்குச் சட்டத்தின் இயலாமை காரணமல்ல. அவளுக்காகப் பேசும் வலு இன்னும் திரளவில்லை என்பதே காரணம்.

இரண்டு எளிய விடைகள்

இந்தச் செய்தி வெளியே வரும்போதெல்லாம் இரண்டு விடைகள் உடனே கிடைக்கின்றன. இரண்டுமே போதாதவை.

முதலாவது, ஒப்பனையையே பழிப்பது. ‘முகத்தில் பூசும் ஆடம்பரத்துக்காகக் குழந்தைகள் சாகிறார்கள்’ என்ற கண்டனம் முற்போக்கு வட்டாரங்களிலும் ஒலிக்கிறது. கண்ணுக்கு மையெழுதும் வழக்கம் முதலாளித்துவத்தைவிட மிகப் பழையது. அதுமட்டுமன்றி, இன்று ஒப்பனை செய்துகொள்ளும் பெண்களில் பலருக்கு அது வேலையின் நிபந்தனை. துணிக்கடையிலும் விடுதி வரவேற்பறையிலும் விமானத்திலும் பணிபுரியும் பெண்ணிடம் ‘பளிச்சென்று’ இருக்க வேண்டும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கிறது. அதற்கான செலவு அவருடைய சம்பளத்திலிருந்தே போகிறது. அவரை அலங்கரிக்கும் அழகுநிலையத் தொழிலாளியும் அமைப்புசாராத் தொழிலாளியே. இவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, உழைக்கும் பெண்ணைக் கொண்டே உழைக்கும் பெண்ணை ஏசுவதாகும்.

மேலும், அபிரகம் கண்ணிமையில் மட்டும் இல்லை. காரின் பளபளப்பிலும், வீட்டுச் சுவரின் வண்ணத்திலும், மின்சாதனங்களின் வெப்பக்காப்பிலும் அது இருக்கிறது. அளவில் பார்த்தால் அழகுசாதனத்தின் பங்கு சிறியதே. ஐஷேடோவைத் தொட்டறியாத ஆண்களும் இந்தச் சங்கிலிக்கு வெளியே இல்லை. பெண்ணின் முகம் கண்ணில் படுகிறது, காரின் வண்ணம் கண்ணில் படுவதில்லை என்பதால் கண்டனம் ஒருபக்கமாகச் சாய்கிறது.

இரண்டாவது விடை நிறுவனங்களிடமிருந்து வருகிறது. சில நிறுவனங்கள் இயற்கை அபிரகத்தைக் கைவிட்டு, ஆலையில் உருக்கித் தயாரிக்கும் செயற்கை அபிரகத்துக்கு மாறியுள்ளன. வேறு சில, 2017இல் தொடங்கப்பட்ட ‘பொறுப்பான மைக்கா முன்முயற்சி’ என்ற கூட்டமைப்பில் சேர்ந்துள்ளன. ஐந்தாண்டுகளில், அதாவது 2022க்குள், குழந்தை உழைப்பை ஒழிப்பது அந்தக் கூட்டமைப்பு தொடங்கியபோது வைத்த இலக்கு. அந்த இலக்கு பின்னர் 2030க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அது கட்டிக்கொடுத்த வசதிகளால் சில கிராமங்கள் பயனடைந்திருக்கலாம். ஆனால் வாங்குபவரே கண்காணிப்பவராகவும் சான்றளிப்பவராகவும் இருக்கும் ஏற்பாட்டில், அடிப்படையான கேள்வி தப்பித்துக்கொள்கிறது. அந்தக் கேள்வி, வயதுவந்த தொழிலாளிக்கு ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பது.

செயற்கை அபிரகத்தால் பெட்டி தூய்மையாகலாம். வாங்குபவரின் மனச்சாட்சியும் தூய்மையாகலாம். நவாடாவில் திப்ரா பொறுக்கும் குடும்பத்துக்கு அதனால் கிடைப்பது என்ன? வாங்குவோர் குறைந்தால் விலை மேலும் விழும். விலை விழுந்தால் அதே கூலிக்கு இன்னும் அதிகம் பொறுக்க வேண்டும், இன்னும் அதிகக் கைகள் இறங்க வேண்டும். நிலமும் பாசனமும் மாற்று வேலையும் இல்லாத இடத்தில், புறக்கணிப்பு என்பது பசியையே கொண்டுவரும். சுரண்டலிலிருந்து விலகிக்கொள்வது வேறு, சுரண்டலை ஒழிப்பது வேறு.

கேட்க வேண்டியது என்ன?

திப்ரா பொறுக்குபவர் திருடர் அல்லர், தொழிலாளி என்ற அங்கீகாரமே முதல் தேவை. பழைய கழிவுமேடுகளிலிருந்து சில்லு சேகரிக்கும் உரிமை, கிராமசபையின் ஒப்புதலோடு, சேகரிப்பவர்களின் கூட்டுறவுகளுக்கு வழங்கப்பட வேண்டும். கூட்டுறவு வழியே இதைச் சட்டபூர்வமாக்கும் திசையில் ஜார்க்கண்ட் அரசும் அறிவிப்புகள் செய்திருக்கிறது. அறிவிப்பு கிராமத்தின் மேட்டுக்கு வந்துசேர வேண்டும். ஏலம் என்ற பெயரில் பழைய தரகர்களே கூட்டுறவுத் தலைவர்களாகத் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டபூர்வமாக்கினால் காடு அழியும் என்ற அச்சம் புறந்தள்ளத்தக்கதல்ல. அதனால்தான் புதிய சுரங்கத்துக்கு அன்றி, ஏற்கெனவே வெட்டிக் குவித்த மேடுகளுக்கே முதலில் உரிமை கோரப்படுகிறது. கைவிடப்பட்ட குழிகள் அரசுச் செலவில் மூடப்பட வேண்டும். குழந்தை உழைப்புக்கும் சட்ட அங்கீகாரம் கிடைத்துவிடும் என்ற வாதமோ தலைகீழானது. வேலையிடம் ஏட்டில் ஏறினால்தான் அங்கே ஆய்வாளர் வர முடியும், வயதைக் கேட்க முடியும், மீறியவர் மீது வழக்குத் தொடர முடியும்.

அடுத்தது விலை. வனப் பொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிப்பதுபோல் சில்லு அபிரகத்துக்கும் அறிவித்து, பொதுத்துறை வழியே கொள்முதல் செய்ய வேண்டும். பெற்றோர் இருவரின் உழைப்பு அடுப்பெரியப் போதுமானதாக இருந்தால் மூன்றாவது கூடை தேவைப்படாது. ஏற்றுமதி மீதான நலநிதித் தீர்வையை மீண்டும் விதித்து, அதை அங்கன்வாடிக்கும், நடந்துபோகும் தொலைவில் பள்ளிக்கும், தூசிநோய் மருத்துவத்துக்கும் செலவிட வேண்டும். குழியில் இறந்தவரின் குடும்பம் வழக்குக்கு அஞ்சாமல் இழப்பீடு கோரும் வகையில் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, சந்தையின் மறுமுனை. அழகுசாதனம் மட்டுமின்றி, வண்ணப்பூச்சும் வாகனமும் உட்பட அபிரகம் சேரும் பொருள்களைத் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் கனிமத்தின் மூலத்தை வெளியிடச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். விலங்குச் சோதனைக்கு முடிந்தது இதற்கும் முடியும்.

கிரிடிஹ் வட்டாரம் செங்கொடிக்குப் புதிய மண் அல்ல. நிலத்துக்கும் கூலிக்கும் நடந்த போராட்டங்களின் நீண்ட மரபு அங்கே உண்டு. அபிரகத் தொழிலாளரை அணிதிரட்டும் பணி அங்குள்ள தோழர்களுடையது மட்டுமன்று. நகரங்களில் கடைப் பணியாளரிடையேயும் அழகுநிலையத் தொழிலாளரிடையேயும் வாகனத் தொழிலாளரிடையேயும் பணியாற்றும் சங்கங்களின் கைகளிலும் இந்தச் சங்கிலியின் கண்ணிகள் இருக்கின்றன. மாதர் அமைப்பின் கூட்டத்தில் ஒரு வண்ணப்பெட்டியைத் திருப்பி அதன் பின்புற எழுத்தை வாசித்துக்காட்டுவது எளிய தொடக்கம். அதை வைத்திருக்கும் பெண்ணை நாணச் செய்வதற்காக அல்ல, அவருக்கும் கோடர்மாவின் மேட்டில் குனிந்திருக்கும் பெண்ணுக்கும் எதிரில் நிற்பது ஒரே இலாபம்தான் என்பதை உணர்த்துவதற்காகவே அந்த வாசிப்பு. அங்கிருந்து திரளும் கோரிக்கை ஒன்றிய அரசின் வாசலுக்கும் ஜார்க்கண்ட், பீகார் சட்டமன்றங்களுக்கும் சென்றாக வேண்டும்.